பால்வினை நோயும் சங்கரபாண்டி அண்ணாச்சி வீட்டுப் பாலும்

கூச்சம் பெண்ணுக்கு அழகு என்று சொல்லித்தான் என்னை வளர்த்தார்கள். அந்த அழகு ஒரு சாரல் காலத்தில் எட்டு கேன் பாலைத் தெருவில் நிறுத்தியது. முறுக்கு மீசை வைத்த ஒரு முன்னாள் ராணுவ வீரரை அவருடைய சொந்த மாட்டுத் தொழுவத்துக்குக் குடிபோக வைத்தது. தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே நான் எந்தப் பேருந்தில் ஏறினாலும் யாராவது ஒருவர் பக்கத்து ஆளின் விலாவில் இடித்து என்னைக் காட்டும்படி செய்தது. இத்தனையும் நான் சொல்லத் தயங்கிய இரண்டே வரியால் வந்தது.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. தென்காசிப் பக்கம் ஓர் அரசு மருத்துவமனையில் வளரிளம் பருவத்தினருக்கான ஆலோசகராகச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. முகப்பரு, பரீட்சைப் பயம், மாதவிடாய் வலி, காதல் தோல்வி எல்லாவற்றுக்கும் ஒரே மேஜை, ஒரே ஆள். (முகப்பருவுக்கு வந்தவர்களில் பாதிப் பேர் காதல் தோல்விக்கும் சேர்த்தே வந்தார்கள்.) ஒரு நாள் பெரிய டாக்டர் கூப்பிட்டு, பக்கத்திலிருக்கும் மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் ஒன் மாணவர்களுக்குப் பால்வினை நோய்கள் பற்றியும் அவற்றைத் தடுக்கும் வழிகள் பற்றியும் பேசிவிட்டு வரச் சொன்னார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. முதல் பள்ளிக்கூடம்! முதல் கூட்டம்! படம் போட்ட அட்டையைக் காட்டி, கொட்டாவி விடவைக்கும் ஆள் நான் இல்லை என்று அன்றைக்கே தீர்மானித்தேன். பயிற்சியில் கேள்விப்பட்ட ஒரு விளையாட்டைக் கையில் எடுத்தேன். ஆளுக்கொரு பிளாஸ்டிக் டம்ளர், எல்லாவற்றிலும் தண்ணீர். ஒன்றில் மட்டும் சுண்ணாம்பைக் கரைத்துத் தெளியவைத்த நீர். பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். ஒருவர் தன் டம்ளரிலிருந்து அடுத்தவர் டம்ளருக்குக் கொஞ்சம் ஊற்ற வேண்டும், அவரிடமிருந்து கொஞ்சம் திரும்ப வாங்க வேண்டும். இப்படி இரண்டு மூன்று பேரோடு மாற்றிய பிறகு எல்லா டம்ளரிலும் மஞ்சள் கரைசலை விட்டால், சுண்ணாம்பு எங்கெல்லாம் போயிருக்கிறதோ அங்கெல்லாம் தண்ணீர் சிவந்துவிடும். மற்றவை மஞ்சளாகவே நிற்கும். ஆளைப் பார்த்து நோயைக் கண்டுபிடிக்க முடியாது, ஒருவரிடமிருந்து பலருக்குப் போகும் என்று ஒரு வார்த்தை பேசாமலே காட்டிவிடலாம்.

விடுதி அறையில் நான்கு நாள் ஒத்திகை பார்த்தேன். வாளி சிவப்பு, துண்டு சிவப்பு, என் விரல்கள் சிவப்பு. கூட இருந்த நர்ஸ், "ஏட்டி, யாரையும் வெட்டிப்போட்டியா?" என்று கேட்டாள்.

பள்ளித் தலைமையாசிரியை ஒரே ஒரு நிபந்தனை விதித்தார். "எனக்கு ஆட்சேபணை கெடையாது செல்வி. ஆனா பெத்தவங்க யாராவது சண்டைக்கு வந்தா நின்னு பேசுததுக்கு ஆள் வேணும். பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் சங்கரபாண்டி அண்ணாச்சி வந்து தொடங்கி வைக்கட்டும். அவருட்ட விவரத்தைப் பக்குவமா நீங்களே சொல்லிருங்க."

அச்சன்புதூர் போகும் சாலையில் அவர் வீடு. வாசலிலேயே தொழுவம். பதினாறு கறவை மாடுகள். ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்று வந்து மாடு வாங்கியவர், சாரல் காலம் முழுக்கக் குற்றாலத்து டீக்கடைகளுக்குப் பால் ஊற்றுகிறவர். நான் போனபோது ஒரு மாட்டைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். மீசை மட்டும் நனையாமல் விறைப்பாக நின்றது. அதைப் பார்த்ததும் நான் வழியெல்லாம் மனப்பாடம் செய்துவந்த வாக்கியம் போன இடம் தெரியவில்லை.

"அண்ணாச்சி, வெள்ளிக்கிழமை ஸ்கூல்ல ஒரு நிகழ்ச்சி. நீங்க தொடங்கி வைக்கணும்."

"வச்சிருவோம். எதப் பத்தி?"

"பால்..."

"பாலா?"

"பால்வினை நோய்." கடைசி எழுத்து என் தொண்டைக்குள்ளேயே நின்றுவிட்டது.

அவர் முகம் டியூப்லைட் போல எரிந்தது. "அப்படிப் போடுங்க! இத்தன வருசமா நா பாலு ஊத்துதேன், ஒருத்தனாவது இதப் பத்திப் பேசியிருக்கானா? கோமதி! இங்கன வா! பால்ல வார நோயப் பத்தி ஆஸ்பத்திரியிலேருந்து பேசுதாவளாம், என்னத்தான் கூப்புடுதாவ!"

"இல்ல அண்ணாச்சி, அது வந்து, இது கொஞ்சம் வேற மாதிரி..."

"நீங்க ஒண்ணும் சொல்லாண்டாம் மேடம். இதுல எனக்குத் தெரியாததா?"

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். உண்மையில் திறந்தேன். அதற்குள் அவர் மனைவி கோமதி அக்கா ஒரு டம்ளர் நிறையப் பாலை என் கையில் வைத்துவிட்டாள். குடித்தேன். நல்ல பால். "வாரேன் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வந்து பொன்னாடை போர்த்திக்கொண்டு இரண்டு வார்த்தை வாழ்த்திப் பேசிவிட்டுப் போவார், அதில் என்ன வந்துவிடப் போகிறது என்று பேருந்தில் எனக்கு நானே சமாதானம் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை. பள்ளி அரங்கத்தில் ஒரு பக்கம் பையன்கள், மறுபக்கம் பெண்கள். வெளியே சாரல். மேடைக்குப் பின்னால் துணிப் பதாகையில் "பால்வினை நோய்கள் விழிப்புணர்வு" என்று கொட்டை எழுத்து. அண்ணாச்சி இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், ராணுவத்தில் வாங்கிய பதக்கங்களையும் குத்திக்கொண்டு வந்திருந்தார். அவருடைய மகள் உமா அதே பிளஸ் ஒன்னில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மைக்கைப் பிடித்தார்.

"மாணவச் செல்வங்களே! பால்வினை நோய்க்கு முக்கியமான காரணம் சுத்தமில்லாத கை. சோப்பு போட்டுக் கழுவாமத் தொடப்படாது!"

பையன்கள் பக்கத்தில் யாரோ இருமினான். இன்னொருவனும் இருமினான்.

"எங்கிட்ட பதினாறு பேரு இருக்காளுவ! ஒருத்திக்காவது இன்னைக்கு வரைக்கும் இந்த நோய் வந்திருக்கா? கெடையாது! ஏன்? காலைல ஒருதரம், சாய்ந்தரம் ஒருதரம், நானே நேர்ல போயிப் பாக்கேன். வேற ஆள விடுததே கெடையாது!"

அரங்கம் வெடித்தது. இருமல் இல்லை, தும்மல் இல்லை, அப்பட்டமான சிரிப்பு. ஒரு பையன் பெஞ்சிலிருந்து கீழே விழுந்தான். தமிழய்யா கைக்குட்டையால் முகத்தை முழுதாக மூடிக்கொண்டார். உமா மேஜைக்கு அடியில் போய்விட்டாள், இரட்டைப் பின்னலின் ரிப்பன் மட்டும் தெரிந்தது. தலைமையாசிரியை என்னைத் திரும்பிப் பார்த்தார்.

பேச்சுக்குக் கிடைத்த கைதட்டலில் பூரித்துப்போன அண்ணாச்சிக்கு அந்த நேரம் பார்த்துப் போன் வந்தது. குற்றாலத்தில் கூட்டம் அதிகம், சாயங்காலம் இன்னும் இரண்டு கேன் வேண்டுமாம். பேசிக்கொண்டே வராந்தாவுக்குப் போய்விட்டார். நான் பேசியது எதையும் அவர் கேட்கவில்லை.

என் பேச்சு, நானே சொல்லக் கூடாது, பிரமாதமாக அமைந்தது. அந்தச் சிரிப்பு எல்லார் கூச்சத்தையும் உடைத்துப்போட்டிருந்தது. கிருமிகளால் வரும் நோய்கள் எவை, பல பேருக்கு வெளியே ஒரு அறிகுறியும் தெரியாது என்பது ஏன், சிலவற்றை மருந்தால் முழுதாகக் குணப்படுத்தலாம், சிலவற்றை மாத்திரையால் கட்டுக்குள் வைக்கலாம், ஆணுறை எப்படித் தடுக்கிறது, அதுவும் நூற்றுக்கு நூறு ஏன் இல்லை, எவற்றுக்குத் தடுப்பூசி இருக்கிறது, எதற்கும் யாருக்கும் கட்டுப்பட்டுத் தலையாட்டத் தேவையில்லை, "வேண்டாம்" என்று சொல்ல எல்லாருக்கும் உரிமை உண்டு என்று கடகடவென்று சொன்னேன். பேர் எழுதாமல் கேள்விகளைச் சீட்டில் எழுதித் தரச் சொன்னேன். ஒரு சீட்டில், "மெயின் அருவியில் ஆயிரம் பேர் ஒண்ணா குளிக்கிறோமே, வருமா?" இன்னொன்றில், "நல்லா படிக்கிற பையனுக்கும் வருமா?" மூன்றாவதில், "ஆஸ்பத்திரியில் டெஸ்ட் எடுத்தால் வீட்டுக்குச் சொல்வீர்களா? அண்ணனுக்காகக் கேட்கிறேன்."

"அருவியில வராது. சோப்பு, துண்டு, டம்ளர் எதுலயும் வராது. மார்க்குக்கும் நோய்க்கும் சம்பந்தமே கிடையாது" என்றேன். மூன்றாவது சீட்டுக்குச் சிரிக்காமல் பதில் சொன்னேன். "உங்க அண்ணன் பெரியவர்தானே, அவர் அனுமதியில்லாம நாங்க யார்கிட்டயும் சொல்ல மாட்டோம். வரச் சொல்லுங்க."

"டம்ளரில் வராது" என்று சொன்ன அதே வாயால் அடுத்த நிமிடம், "இப்ப எல்லாரும் டம்ளர் எடுத்துக்கலாம்" என்று சொன்னேன் பாருங்கள், அங்கே ஆரம்பித்தது இரண்டாவது கூத்து.

"பசங்களும் பொண்ணுங்களும் மாத்தி மாத்தி ஊத்தாண்டாம். மேடையில பெரியவங்க செஞ்சு காட்டுங்க" என்று தலைமையாசிரியை முடித்துவிட்டார். தமிழய்யா, பி.டி. சார், பள்ளி அலுவலக கிளார்க் மூவரும் அரைமனதாக எழுந்தார்கள். தலைமையாசிரியை தானும் ஒரு டம்ளர் எடுத்தார், நான் அதற்கு இறுக்கமான மூடி போட்டுக் கொடுத்தேன். பாதுகாப்பு முறைக்கு அது உதாரணம். இன்னும் ஓர் ஆள் குறைந்தது. போன் பேசி முடித்து உள்ளே வந்த அண்ணாச்சி, "என்ன வெளையாட்டு? நானும் வாரேன்!" என்று இரண்டே எட்டில் மேடையேறி, தட்டிலிருந்து முதல் டம்ளரை எடுத்துக்கொண்டார்.

ஊற்றினார்கள். மாற்றினார்கள். அண்ணாச்சிதான் மிகவும் உற்சாகம். தமிழய்யாவுக்கு ஊற்றினார், பி.டி. சாருக்கு ஊற்றினார். "நமக்கு இல்லாததா, பிடிங்க" என்று கிளார்க்குக்கும் ஊற்றினார். தலைமையாசிரியையிடம் போனார், மூடியில் டம்ளர் முட்டித் திரும்பியது. நான் மஞ்சள் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். தலைமையாசிரியையின் தண்ணீர் மஞ்சளாக நின்றது. மற்ற நாலும் குபீரென்று சிவந்தன. பிள்ளைகள் "ஓ!" என்று எழுந்துவிட்டார்கள். அந்த "ஓ" எனக்குப் போதை ஏற்றிவிட்டது.

"ஆரம்பத்துல நோய் ஒரே ஒருத்தர்கிட்டதான் இருந்தது! மத்த எல்லாருக்கும் பரப்பினது அவர்தான்! அது யார்?" என்று மைக்கில் கத்தினேன். எனக்கு அடையாளம் தெரிவதற்காகச் சுண்ணாம்பு டம்ளரின் அடியில் பேனாவால் ஒரு புள்ளி வைத்திருந்தேன். ஒவ்வொரு டம்ளராகத் தூக்கிப் பார்த்தேன். புள்ளி அண்ணாச்சியின் டம்ளரில் இருந்தது. நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "நம்ம தலைவர்!" என்று அறிவித்தேன்.

விசில் பறந்தது. என்னவோ பரிசு விழுந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்ட அண்ணாச்சி, விறைப்பாக நின்று, சிவப்பு டம்ளரை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். கிளார்க் போட்டோ எடுத்தார். எடுத்தவர் சும்மா இருந்தாரா? பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். கீழே ஒரு வரி: "பால்வினை நோய்ப் பரிசோதனையில் நம் தலைவர் முதலிடம்."

மறுநாள் சனிக்கிழமை. மருத்துவமனை திறந்த கொஞ்ச நேரத்தில் வாசலில் ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. அதில் எட்டு கேன் பால், அதற்கு நடுவில் கோமதி அக்கா. முன்னால் அண்ணாச்சி, கூடவே உமா. மீசை இரண்டு பக்கமும் தொங்கியிருந்தது. என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்தார். நாற்காலி ஆடியது.

"மேடம், எனக்கு என்ன சீக்கு?"

"அண்ணாச்சி..."

"ஊருல எல்லாவனுக்கும் தெரியுது. எனக்கு மட்டும் ஒருத்தனும் சொல்ல மாட்டேங்கான். குற்றாலத்துல ஒரு கடை விடாம பாலத் திருப்பிட்டான். நோய் வந்த ஆளு பாலு வேண்டாங்கான். வீட்டுல இவ, போயித் தொழுவத்துல படுங்கா. எதுக்குட்டின்னு கேட்டா பதில் இல்ல, கதவச் சாத்துதா."

கோமதி அக்கா சேலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள். உமாதான் நடந்ததைச் சொன்னாள். போட்டோவைப் பார்த்த அம்மா "பால்வினைன்னா என்னட்டி?" என்று கேட்டிருக்கிறாள். உமா ஒன்று விடாமல், எப்படிப் பரவும், என்ன அறிகுறி, எப்படித் தடுக்கலாம் எல்லாம் விளக்கியிருக்கிறாள். (அவ்வளவு நன்றாக நான் பாடம் நடத்தியிருக்கிறேன்.)

"அது சும்மா வெளையாட்டும்மான்னு சொன்னேன்க்கா. அதுக்கு அம்மா, 'எல்லாம் வெளையாட்டாத்தான் ஆரம்பிக்கும்'னு சொல்லிட்டு அப்பா பாயத் தூக்கி வெளிய போட்டுட்டா."

இனித் தப்பிக்க வழியே இல்லை. என் காது மடல் சூடேறுவது எனக்கே தெரிந்தது. சொன்னேன். "அண்ணாச்சி, பால்வினை நோய் பால்ல வர்றது இல்ல. உடலுறவால ஒருத்தர்கிட்டேருந்து இன்னொருத்தருக்குத் தொத்துற நோய்." சொல்லி முடித்தபோதுதான் கவனித்தேன், இரண்டு வரிகூட ஆகவில்லை.

அவர் மனம் பின்னோக்கிப் போய் வெள்ளிக்கிழமை மேடையில் ஏறுவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்போ நா பதினாறு பேருன்னு சொன்னது..."

"ஆமா அண்ணாச்சி."

"காலைல ஒருதரம், சாய்ந்தரம் ஒருதரம்னு..."

"ஆமா."

"தலைமையாசிரியை அம்மா முன்னாலயா சொன்னேன்!" கார்கில் குளிரைத் தாங்கியவர், மேஜையில் நெற்றியை வைத்துக்கொண்டார்.

"தப்பு என்மேலதான் அண்ணாச்சி. அன்னைக்கு வீட்டுக்கு வந்தப்பவே நான் சொல்லியிருக்கணும். வாய் வரல. மன்னிச்சிருங்க" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. மேஜையின் அந்தப் பக்கம் ஆலோசனைக்கு வந்தவர், இந்தப் பக்கம் ஆலோசகர். யார் யாருக்கு ஆறுதல் சொல்வது என்று தெரியவில்லை.

கோமதி அக்கா முதல் தடவையாக வாயைத் திறந்தாள். "அப்போ அந்தச் செவப்புத் தண்ணி? அது இவியளுக்கு நோய் இருக்குன்னு காட்டலியா?"

பையில் மிச்சமிருந்த சுண்ணாம்பு நீரையும் மஞ்சளையும் எடுத்து அவள் கண் முன்னால் கலந்தேன். சிவந்தது. அவள் டம்ளரை வாங்கி, மோந்து, விரலை விட்டுப் பார்த்தாள்.

"அடிப் பாவி மக்கா! இது ஆரத்தில்லா!"

"ஆமாக்கா."

"கல்யாணமாகி வந்த அன்னைக்கு இதத்தான் எங்களுக்குச் சுத்துனாவ! இதப் பாத்துட்டா எம் புருசனத் தொழுவத்துல படுக்கப்போட்டேன்?" சிரிக்க ஆரம்பித்தாள். கையிலிருந்த டம்ளர் குலுங்கி மேஜையெல்லாம் சிவப்பானது. சத்தம் கேட்டு ஓடிவந்த நர்ஸ் மேஜையைப் பார்த்து அலறினாள்.

சிரிப்பு அடங்கியதும் வாசலில் நின்ற கேன்கள் நினைவுக்கு வந்தன. அது உச்ச சீசன். அந்தப் பால் உச்சிப் பொழுதைத் தாண்டாது. அன்றைக்குப் பாலைத் திருப்பிய கடைகள் நாளைக்கு வேறு ஆளைப் பிடித்துவிட்டால், பதினாறு மாடும் சாரல் காலம் முழுக்க யாருக்காகக் கறக்கும்? அண்ணாச்சி நிமிர்ந்தார். "மேடம், அந்த டெஸ்ட எனக்கு எடுங்க. அது இருக்குன்னு எவனும் சொல்ல முடியாதபடி கையில காயிதம் வேணும்." இரத்தப் பரிசோதனை செய்தோம். கோமதி அக்காவும் "எனக்கும் எடுத்திரு" என்று கையை நீட்டினாள். சற்று நேரத்தில் முடிவு வந்தது. இரண்டு பேருக்கும் ஒன்றுமில்லை.

"எக்கா, நாம அங்கனயே போயிச் சொல்லுவோம். டம்ளர எடுத்துக்கோங்க" என்றாள் உமா.

லோடு ஆட்டோவில் கேன்களுக்கு நடுவில் நானும் ஏறிக்கொண்டேன். சாரல் முகத்தில் அடித்தது. வழியில் உமாவின் வகுப்புத் தோழிகள் இரண்டு பேரும் ஏறினார்கள். எனக்கு ஏனோ திருவிழாவுக்குப் போவது போல இருந்தது.

மெயின் அருவிக்குப் போகும் பாதையில் நயினார் என்பவருடைய டீக்கடை. அவர் வாங்கினால் மற்ற கடைகளும் வாங்கும். ஈரத் துண்டும், தலையில் நல்லெண்ணெயுமாக ஐம்பது பேர் டீக்கு நின்றார்கள். அண்ணாச்சியைப் பார்த்ததும் நயினார் கைகூப்பினார். "அண்ணாச்சி, கோவிச்சுக்கிடாதிய. சீசன் நேரம். பால்ல நோய்னு ஒருத்தன் சொன்னாப் போதும், எங்கடையில ஈ கூட ஒக்காராது."

நான் பேச வாயெடுத்தேன். ஐம்பது ஆண்கள். வார்த்தை வரவில்லை. (காலையில்தான் தைரியம் வந்தது என்று நினைத்தேன். அது ஒரு ஆளுக்குத்தான் போதுமானதாக இருந்தது.) உமா ஒரு காலி கேனைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி நின்றுவிட்டாள்.

"மாமா, தமிழ் இலக்கணத்துல ஆண்பால் பெண்பால்னு படிச்சியளா இல்லியா?"

"படிச்சோம், அதுக்கென்ன?" என்றார் நயினார்.

"பால்வினை நோய்ல வார பாலு அந்தப் பாலு. குடிக்கிற பாலு இல்ல! ஒடம்பு சேர்க்கையால வார நோய். டீயில வராது, டம்ளர்ல வராது, இந்தா விழுத அருவியில வராது. எங்க அப்பாவுக்கு அது கெடையாது. அந்த போட்டோவுல இருக்கது மஞ்சளும் சுண்ணாம்பும்!"

பதினாறு வயதுப் பெண் கேன்மேல் நின்று சொன்ன அதை அரங்கத்தில் மைக் வைத்துக்கொண்டு நான்கூட அவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை. தோழிகள் டம்ளர்களை வரிசையாக வைத்தார்கள். ஈரத் துண்டோடு நின்ற நாலு ஆட்களைக் கூப்பிட்டு விளையாட்டை நடத்தினார்கள். சிவந்ததும் ஒரு பெரியவர் தன் டம்ளரை ஆட்டிப் பார்த்து, "நா யாருட்டயும் போவலியே, ஒருதரந்தான் மாத்துனேன்" என்றார். "ஒருதரம் போதும் தாத்தா" என்றாள் ஒரு தோழி. கூட்டம் சிரித்தது.

அண்ணாச்சி தன் பரிசோதனைச் சீட்டை எடுத்து உயர்த்திக் காட்டினார். "நெகட்டிவ்!" என்று முழங்கினார்.

நயினார் முகம் சுருங்கியது. "நெகட்டிவ்னா கெட்டதுல்லா அண்ணாச்சி?"

கூட்டம் ஒரு அடி பின்வாங்கியது. அவ்வளவுதான், எல்லாம் போயிற்று என்று தோன்றியது. எனக்குள் என்ன ஆனதோ தெரியாது. அருவிச் சத்தத்தையும் மீறிக் கத்தினேன். "நெகட்டிவ்னா இல்லைன்னு அர்த்தம்! நோய் இல்லை! எய்ட்ஸ் கிருமி இல்லை, சிபிலிஸ் இல்லை! நீங்களும் வந்து டெஸ்ட் எடுக்கலாம், காசு கிடையாது, ரகசியமா இருக்கும், நான்தான் அங்க உக்காந்திருக்கேன்!" குளித்துக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஒரு நிமிடம் கழித்து நயினார் முதல் கேனை இறக்கச் சொன்னார். கோமதி அக்கா கடைக்குள் நுழைந்து அடுப்பில் தானே பாலை ஏற்றினாள். பொங்கியதும் முதல் டீயை ஆற்றி அண்ணாச்சி கையில் கொடுத்தாள். அவர் குடித்தார், மீசையில் நுரை ஒட்டியது, ஐம்பது பேரும் கைதட்டினார்கள். மத்தியானத்துக்குள் ஆறு கேன் போய்விட்டது. இரண்டு கேன் திரிந்துவிட்டது. அதைக் கிண்டித் திரட்டுப்பாலாக்கி எனக்கு ஒரு டப்பா கொடுத்தனுப்பினார்கள்.

பெரிய டாக்டர் என்னிடம் எழுத்தில் விளக்கம் கேட்டார். மூன்று பக்கம் எழுதிக் கொடுத்தேன். பதினாறு பேர் என்ற இடத்தைப் படிக்கும்போது அவர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார், சிரிப்புச் சத்தம் மட்டும் வெளியே வந்தது. வேலை தப்பியது.

அடுத்த வாரம் ஓர் இளைஞன் என் அறைக்கு வெளியே அரைமணி நேரம் நின்றுவிட்டு உள்ளே வந்தான். எப்படிச் சொல்வது என்று தெரியாமல் தவித்து, கடைசியில், "மேடம், டம்ளர் பாக்கணும்" என்றான். எனக்குப் புரிந்தது. பார்த்தோம். மருந்தால் குணமாகும் தொற்றுதான் இருந்தது, முழுதாக மருந்து எடுத்துக்கொண்டான், குணமானான். "எந் தம்பிதான் போகச் சொன்னான்" என்றான். அவனுக்குப் பிறகு கடையநல்லூர், செங்கோட்டை என்று எங்கெங்கிருந்தோ வந்தவர்கள் எல்லாரும் அதே வார்த்தையைச் சொன்னார்கள். நான் சரியான பெயரைச் சொல்லிக்கொடுத்துப் பார்த்தேன். ஊர் கேட்கவில்லை. வருகிறார்களே, அது போதும் என்று விட்டுவிட்டேன்.

இரண்டு வருடம் கழித்து வீரகேரளம்புதூரிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைக்கு உரக்கடை. தனியாகப் பேசச் சொல்லி எங்களை மாடிக்கு அனுப்பினார்கள். அவர் கேட்ட முதல் கேள்வி, "டம்ளர் மேடம்னு சொல்லுதாங்களே, அது நீங்கதானா?"

"நான்தான். நீங்க டம்ளர் பாத்தாச்சா?"

அவர் கொஞ்சமும் அசரவில்லை. "நீங்க பாத்தாச்சா?"

நியாயமான கேள்விதான். செவ்வாய்க்கிழமை இரண்டு பேரும் போய்ப் பரிசோதித்துக்கொண்டோம். வேறு மருத்துவமனையில்தான், எங்கள் நர்ஸ் ஊரைக் கூட்டிவிடுவாள். இதை அவர் தன் பெரியம்மாவிடம் சொல்லிவிட்டார். பெரியம்மாவுக்கு அது அப்படியே பிடித்துப்போயிற்று. அன்றிலிருந்து அந்தக் குடும்பத்தில் எந்தச் சம்பந்தம் பேசினாலும் பத்துப் பொருத்தம் பார்த்து முடித்ததும் பெரியம்மாவின் குரல் கூடம் முழுக்கக் கேட்கும்: "பதினொண்ணாவது பாத்தாச்சா?"

போன ஆவணியில் என் நாத்தனார் மகளுக்கு நிச்சயம். ஜோசியர் பொருத்தத் தாளை வாசித்துவிட்டு மடிக்கப் போனார். பெரியம்மா விடவில்லை. "அதென்ன பதினொண்ணு? நம்ம சாஸ்திரத்துல பத்துதானே" என்று ஜோசியர் கேட்டார். எல்லாரும் என்னைத்தான் திரும்பிப் பார்த்தார்கள். நான் விளக்கமாகவே சொன்னேன். மாப்பிள்ளைப் பையன் தன் சீட்டை எடுத்து நீட்டினான், பெண்ணும் எடுத்து நீட்டினாள். ஜோசியர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டையும் வாசித்தார். பிறகு தாளைத் திரும்ப விரித்து, பத்தாவது வரிக்குக் கீழே நிதானமாக எழுதினார்:

"11. டம்ளர் – உத்தமம்."